அமுங்காத லாரியும் ஐந்து படங்களும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். காசு கொடுத்து தியேட்டரில் உட்கார்ந்து, பாதிப் படத்தில் தூங்கி, தூங்கிய பாதிக்கு நானே ஒரு கதை கட்டி, அதை வீட்டுக்கு வந்து கையையும் காலையும் ஆட்டி நடித்துக் காட்டியவன் இந்த நாமக்கல் வட்டாரத்தில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தால் அவருக்கு என் செலவில் சால்வை போர்த்துகிறேன். ஆனால் கதை கட்டியது சின்ன முட்டாள்தனம்தான். அதை யாரிடம் சொன்னேன் என்பதில்தான் பெரிய முட்டாள்தனம் இருக்கிறது. அதற்குப் போகும் முன் இந்தக் கோடையில் நான் பார்த்த ஐந்து படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றிலும் எனக்குத் துப்பு கிடைத்தது. ஒவ்வொன்றையும் கோட்டை விட்டேன்.

என் தொழில் லாரிக்கு பாடி கட்டுவது. கம்பெனியிலிருந்து இன்ஜினும் சக்கரமுமாக எலும்புக்கூடு போல வரும் வண்டிக்கு கேபின் வைத்து, பலகையும் தகடும் அடித்து, பெயிண்ட் பூசி, வண்டிக்காரர் கேட்கும் வாசகத்தைப் பின்னால் எழுதி அனுப்புவோம். எங்கள் பட்டறையில் புது வண்டியை வெளியே எடுப்பது வெள்ளிக்கிழமைதான். ராகு காலம் பிறப்பதற்குள் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து வண்டியை நகர்த்திவிட வேண்டும். மதியம் வண்டிக்காரர் செலவில் எல்லோருக்கும் இலை போட்டுச் சாப்பாடு. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவேன். இந்த நேரக் கணக்கை என் வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

எனக்குச் சினிமா ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் போவேன். கல்யாணமான புதிதில் மனைவியும் வந்துகொண்டிருந்தாள். பிறகு தியேட்டரில் உட்கார்ந்தாலே தலைவலி வருகிறது என்று நிறுத்திக்கொண்டாள். பாவம், படம் பார்க்கக் கொடுத்து வைக்காதவள் என்று நினைத்து, பார்த்த படத்தை அன்றிரவு சாப்பாட்டின்போது அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வாரத்தின் மற்ற நாட்களில் எங்கள் பேச்சு மோட்டார் போட்டாச்சா, சிலிண்டர் சொல்லியாச்சா என்பதோடு முடிந்துவிடும். ஞாயிறு இரவு மட்டும் அவள் கன்னத்தில் கை வைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த முகத்துக்காகத்தான் நான் படமே பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி விமர்சனம் போடுவேன். கட்டை விரல்கள் வரிசையாக வரும். சேந்தமங்கலத்தில் இருக்கும் என் தங்கை மட்டும் தவறாமல் ‘சூப்பர் விமர்சனம் அண்ணா’ என்று எழுதுவாள். அதை நான் இரண்டு முறை படிப்பேன்.

இனி படங்கள்.

முதலில் பார்த்தது பேய்ப் படம். மலைமேல் ஒரு பங்களா, அதை அடிமாட்டு விலைக்கு வாங்கும் ஒரு குடும்பம். இங்கே ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்கு மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஆறு மாதம் அலைகிறோம். பேய்ப் படங்களில் மட்டும் யாரும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில்லை. பேயாக நடித்த பெண் நன்றாகச் செய்திருந்தார். மற்றவர்கள் அவரைவிட வெளிறிப் போயிருந்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வருகிறது. அப்போது நான் போட்ட கூச்சலில் முன் வரிசைக் குழந்தை ஒன்று திரும்பி, என்னைப் பார்த்து அழுதது. பேயைப் பார்த்து அது அழவில்லை.

அன்றிரவு அந்த இடத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்து, சாப்பாட்டு மேஜையை ஓங்கி அடித்தேன். நான் கையை ஓங்குவதற்கு முன்பே அவள் ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டாள்.

“பயமா இல்லையா புள்ளே?” என்றேன்.

“ரசம் சிந்துமுங்க,” என்றாள்.

என்ன நெஞ்சுரம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்தது காதல் படம். ஊட்டியில் மழை, கோயம்புத்தூரில் மழை, கடைசியில் வெளிநாட்டிலும் மழை. மழைக்கு விட்ட தண்ணீரை எங்கள் எருமப்பட்டிப் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் ஒரு போகம் வெங்காயம் எடுத்திருக்கலாம். போனில் சார்ஜ் இல்லாததால் இருவரும் பிரிகிறார்கள். பத்து வருடம் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் சந்திக்கும்போதும் பேசாமல் போகிறார்கள். சார்ஜரை எடுத்து வைத்திருந்தால் படமே இல்லை. இவ்வளவு கிண்டல் செய்கிறேனே, ரயில் நகரும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியில் தூசி என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். நான் கண்ணாடி போடுவதில்லை.

வீட்டில் நான் சொன்ன கதை ரயில் நிலையத்துக்கு வரவேயில்லை, காதலர்கள் இன்னும் கல்லூரியில்தான் இருந்தார்கள், அதற்குள் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் சொல்லும் விதம் அப்படி என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதோடு விடாமல், ‘கதையைச் சொல்லியே வீட்டில் அழ வைத்தேன்’ என்று மறுநாள் குழுவிலும் போட்டேன். தங்கை அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். கை தவறிப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது குடும்பப் படம். மூன்று மகன்கள் அம்மாவை மாதத்துக்கு ஒரு வீடு என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அம்மாவாக நடித்தவர் அரங்கத்தையே கரைத்தார். கரைந்து அழுதவர்களில் சிலரை எனக்குத் தெரியும், அவர்களுடைய அம்மாக்களையும் தெரியும். ஆகவே அந்த அழுகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதையில் கடைசி மருமகள் அடக்கமானவள் போல வந்து கடைசியில் வீட்டையே எழுதி வாங்கிவிடுகிறாள். அந்தத் திருப்பம் யாரும் எதிர்பாராதது. என் மனைவி எதிர்பார்த்தாள். ‘தங்கமான பொண்ணு’ என்று நான் அந்த மருமகளை அறிமுகப்படுத்திய உடனே “ம்க்கும்” என்றாள்.

“என்ன?”

“தங்கமான பொண்ணுகளத்தானுங்க நம்பப்படாது.”

எவ்வளவு உலக அனுபவம் என்று வியந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவள் எனக்குக் கொடுத்த ஒரே நேர்மையான எச்சரிக்கை அதுதான்.

நான்காவது, விருது வாங்கிய படம். தண்ணீர் தேடி ஒரு பெண் நடக்கிறாள். நடக்கிறாள். பாட்டு இல்லை, சண்டை இல்லை, வசனம்கூட எண்ணி எண்ணித்தான். டிக்கெட் கிழித்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “சாமி, இன்னும் நாலு பேராச்சும் வந்தாத்தான் ஏசி போடச் சொல்லியிருக்கறாங்க, ஃபேன்ல இருந்துக்குங்க,” என்றார். நடுவில் நான் எழுந்து வெளியே போய் டீ குடித்து, பஜ்ஜி ஒன்று தின்று, தெரிந்தவர் ஒருவரிடம் தேக்கு விலை பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். அந்தப் பெண் இன்னும் நடந்துகொண்டிருந்தாள். ‘வேகத்தடை அதிகம் உள்ள சாலை’ என்று விமர்சனம் எழுதினேன். எனக்கே பிடித்த வரி அது.

மனைவியிடம் அந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “அவ்வளவுதானுங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க, நடுவுல ஒண்ணுமே இல்லீங்களா?” என்று திரும்பக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னேன். அவள் அன்று சீக்கிரம் எழுந்து போய்விட்டாள். கதை சரியில்லை போலிருக்கிறது, அடுத்த வாரம் நல்லதாகப் பார்க்க வேண்டும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது படம்தான் என்னைக் கவிழ்த்தது. துறைமுகத்திலிருந்து தங்கக் கட்டிகளைத் திருடி, லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு அடியில் மறைத்து வைத்துக் கடத்தும் கூட்டம். இடைவேளை வரை திட்டம் போடுகிறார்கள். நன்றாகத்தான் போட்டார்கள். எனக்கு முந்தின நாள் பட்டறையில் கடுமையான வேலை. திட்டம் முடிந்ததும் கடத்தலை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு நான் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. துடைப்பத்தோடு நின்ற தியேட்டர்க்கார அம்மா, “எந்திரிங்க,” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மிச்சக் கதையைத் தயார் செய்துவிட்டேன். இரவு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தேன். லாரி மலைப் பாதையில் போகிறது. போலீஸ் துரத்துகிறது. பிரேக் பிடிக்கவில்லை. கதாநாயகன் கூட்டாளியைக் கீழே தள்ளிக் காப்பாற்றிவிட்டு, எட்டு டன் தங்கத்தோடு பள்ளத்தில் பாய்ந்து உயிரை விடுகிறான். நான் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைத் திருப்பி, நாற்காலியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தும் காட்டினேன். உண்மையில் மிக நல்ல முடிவு. எடுத்தவர்களுக்குத் தோன்றாமல் போனது அவர்கள் துரதிர்ஷ்டம்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். “எட்டு டன்னுங்கறாங்க, மேல வெங்காயம் வேற. வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை ஒரு இஞ்சுகூட அமுங்கலீங்களே. வெறும் வண்டியக் காட்டி ஏமாத்திப்போட்டாங்க.”

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாரிக்கு அடியில் சுமை தாங்கும் இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். பாரம் ஏறினால் அவை அமுங்கி, வண்டி தாழும். வண்டி காலியா, பாரமா என்று எங்களுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். பாடி கட்டும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளின் கண் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அங்கேதான் போகும். திரையில் கதாநாயகிக்கே உயிர் போய்க்கொண்டிருந்தாலும், பின்னால் ஒரு லாரி நின்றால் நாங்கள் லாரியைத்தான் பார்ப்போம்.

“ஆமா ஆமா, நானும் பாத்தேன், அமுங்கவே இல்லை,” என்று தொழில் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல் நானும் தலையாட்டினேன். இரண்டாவது தோசையைப் பிய்த்து வாயில் வைத்தேன். மென்றேன். அதை விழுங்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. பட்டையைப் பற்றி நான் சொல்லவே இல்லை. லாரி ஓடும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“ஏன் புள்ளே, பட்டை அமுங்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அடுப்பைத் தணித்தாள். “அது கெடக்கட்டுமுங்க. வண்டி எந்தப் பள்ளத்துல உளுந்துது?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரே அறையில் இரண்டு திருடர்கள் டார்ச் அடித்துக்கொண்டது போல இருந்தது.

“உளுவலையா?”

“அவனெங்கீங்க செத்தான். கடைசியில துபாய்ல ஜூஸ் குடிச்சுட்டு உக்காந்திருக்கறான்.”

“நீ எப்பப் பாத்தே?”

“வெள்ளிக்கெழமை.”

“வெள்ளிக்கெழமை நீ கோயிலுக்கல்ல போனே? துந்நூறு கொண்டாந்து நெத்தியில பூசிவிட்டியே.”

“கோயிலுக்கும் போனமுங்க. ரெண்டும் ஒரே வழிதானுங்களே.”

போனமுங்க என்றால் பன்மை. யார் யார் என்று கேட்டேன். எதிர் வீட்டு அக்கா, பட்டறையில் என் கூட்டாளியின் மனைவி, அப்புறம் சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேரும் என் உடன்பிறந்த தங்கை. இந்த ஒரு படம் மட்டும்தானா என்று கேட்டேன். அவள் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்று சத்தம் வந்தது. பேய், மழை, மாமியார் என்று ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. ரசக் கிண்ணத்தை ஏன் முன்கூட்டியே நகர்த்தினாள் என்று இப்போது புரிந்தது. கை எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“அப்பத் தலைவலின்னு சொன்னதெல்லாம்?”

“வந்துதுங்க. உங்ககோடப் போனப்ப வந்துது. ‘இந்த வண்டி சங்ககிரி பாடி, அந்த வண்டிக்குக் கேபின் கோணல்’னு படம் முடியற முட்டும் காதோரமா சொல்லிட்டே இருந்தா வராதுங்களா?”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னனுங்க. ‘அங்க பாரு, டேங்கர்’னீங்க.”

நடந்திருக்கக்கூடியதுதான்.

அந்த நடக்கும் படத்தையும் பார்த்தாயா என்று கேட்டேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “அதுதானுங்க எல்லாத்துலயும் நல்ல படம். நடுவுல அவ கொடத்த எறக்கி வெச்சுட்டு, நெழலு இல்லாத எடத்துல சும்மா நிப்பா பாருங்க. ஒண்ணும் பேசமாட்டா. நாங்க நாலு பேரும் வெளிய வந்து பஸ் ஸ்டாண்டு முட்டும் பேசவேயில்லை. நீங்க அதையாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க.”

அந்தப் பெண் குடத்தை இறக்கி வைத்தபோது நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது வேறொன்று. “தெரிஞ்ச கதையைத்தானே வாரா வாரம் சொன்னேன். எதுக்குப் புதுசாக் கேக்கற மாதிரி உக்காந்திருந்தே?” என்று கேட்டேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் தங்கைக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் “அண்ணி சொல்லிருச்சுங்ணா,” என்றாள். குற்றவாளிகள் எனக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

“நீயுமா?” என்றேன்.

“உங்களுக்கு வெள்ளிக்கெழமை வேலைங்களேண்ணா.”

“நீதான் ‘சூப்பர் விமர்சனம்’னு போட்டே.”

“நல்லாத்தானுங்ணா எழுதறீங்க. படத்துக்கும் அதுக்கும்தான் சம்பந்தமிருக்காது,” என்று சிரித்து, குக்கர் கூவுகிறது என்று வைத்துவிட்டாள். எனக்குக் குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பட்டறைக்குப் போய்க் கூட்டாளியிடம் என் துயரத்தை இறக்கி வைத்தேன். என்னைவிட இளையவர், சாது, பெண்டாட்டி இப்படிச் செய்தது தெரிந்தால் நொறுங்கிப்போவாரே என்று கொஞ்சம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் கேபின் கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டே கேட்டார்: “உங்களுக்குத் தெரியாதுங்களாண்ணா?”

அவருக்குத் தெரியும். அவர் சம்சாரம் வெள்ளிக்கிழமை வந்து சொல்வதை வைத்துத்தான் அவர் சனிக்கிழமை பிள்ளைகளோடு படத்துக்குப் போவாராம். பெயிண்டருக்கும் தெரியும். வெல்டருக்கும் தெரியும். ‘அக்கா நல்லாருக்குன்னுட்டாங்களா?’ என்பதுதான் எங்கள் பட்டறையில் நடைமுறை. அக்கா என்றால் என் மனைவி.

“அப்ப எம் விமர்சனத்த ஒருத்தரும் படிக்கறதில்லையா?”

“படிப்பமுங்ணா. படத்தப் பாத்துப்போட்டு அப்பறமாப் படிச்சாச் சிரிப்பா இருக்கும்,” என்றார். அவர் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் கூடுதலாக வலித்தது. என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரு படத்தை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் நான்தான் கதாநாயகன் என்று நினைத்துக்கொண்டு வந்துபோன காமெடியன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோஷம் வந்து படத்துக்குப் போகவில்லை. மோகனூர் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, அதற்கு விமர்சனமும் எழுதவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல எதிரில் உட்கார்ந்தாள். நான் குனிந்து சாப்பிட்டேன். சிலிண்டர் புக் செய்தாகிவிட்டது என்றாள். சரி என்றேன். மோட்டாரில் ஏதோ சத்தம் வருகிறது என்றாள். பார்க்கிறேன் என்றேன். அவ்வளவுதான், எங்கள் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று நின்றாளோ என்னவோ, நான் மோரைக் குடித்து முடித்தேன்.

இரண்டு நாள் தாங்கினேன். புதன்கிழமை சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மேலே ஏறிப் போய், கேட்காமலேயே போர்வையின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க உதவினேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு புதுப் படம் வருகிறது என்று எனக்குத் தெரியும். அவர்கள் போகிறார்கள் என்றும் தெரியும். எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் வாசலிலேயே சிரிக்கிறார்.

போர்வையை மடித்து முடித்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். கூட்டாளி வண்டி பூஜையைப் பார்த்துக்கொள்வார், நான் பதினோரு மணிக்கே வந்துவிடுவேன், உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன், படம் முடியும்வரை வாயைத் திறக்கவே மாட்டேன் என்று, கல்யாணத்தன்றுகூடக் கொடுக்காத வாக்குறுதிகளை எல்லாம் வரிசையாகக் கொடுத்தேன். கடைசியில், “நானும் வாரேன் புள்ளே,” என்றேன்.

அவள் கொடியிலிருந்து கடைசிக் கிளிப்பைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

“நீங்க ஞாயித்துக்கெழமை பாத்துட்டு வந்து சொல்லுங்க.”